உட்கார்ந்து படிக்கத் தொடங்குவதற்குள் நாள் முடிந்துவிடுகிறது. மும்பையில் வேலைக்குப் போகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

டோம்பிவிலிக்காரி
ஜூன் 22, ஞாயிறு, இரவு 10:50

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருஷமாக இங்கே வந்து படித்துவிட்டுப் போவேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஃபோர்ட்டில் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க். வீடு டோம்பிவிலி கிழக்கு. ஜேஏஐஐபி எழுதிக்கொண்டிருக்கிறேன். தெரியாதவர்களுக்காக: வங்கி ஊழியர்களுக்கு ஐஐபிஎஃப் நடத்தும் தேர்வு. நான்கு தாள், தாளுக்கு 100 மதிப்பெண், 50 எடுத்தால் பாஸ். முடித்தால் ஒரு இன்கிரிமென்ட் கிடைக்கும். மூன்று தாள் முடிந்தது. அக்கவுண்ட்ஸ் தாள் மட்டும் இரண்டு முறை போய்விட்டது. போன முறை 44. அடுத்தது அக்டோபர், நவம்பர் வாக்கில் வரும்.

என் நாள் இப்படி. காலை 5 மணிக்கு எழுந்தால் முதல் வேலை தண்ணீர் பிடிப்பது. அப்புறம் மூன்று டப்பாவில் சாப்பாடு கட்டுவது, மாமியாருக்குக் கஞ்சி, பையனை வேன் ஏற்றுவது. எட்டு மணி சுமாருக்கு ஃபாஸ்ட் லோக்கல். 9:20க்கு கிளையில் இருப்பேன். திரும்ப வீட்டுக்குள் நுழைய ஏழே முக்கால் ஆகும். சமையல், பையனின் ஹோம்வொர்க் எல்லாம் முடிந்து 9:30க்குப் புத்தகத்தை எடுக்கிறேன்.

எடுத்ததும் என்ன நடக்கிறது என்று நேற்று கவனித்துப் பார்த்தேன். கால்குலேட்டர் பையனிடம். அதைத் தேடி வாங்கி வந்தால், போன தடவை எந்தக் கணக்கில் விட்டேன் என்று தெரியவில்லை. பக்கம் புரட்டும்போது ஃபோன் அடிக்கிறது. ஸ்கூல் குரூப்பில் நாளைக்குச் சார்ட் பேப்பர் வேண்டும் என்று ஒரு செய்தி. அதற்குப் பதில் போட்டுவிட்டு, இரண்டு வீடியோ பார்த்துவிட்டு நிமிர்ந்தால் 10:15. அதற்கு மேல் எழுத்து கண்ணில் ஒட்டுவதில்லை.

உழைக்க நான் தயங்கியதே கிடையாது. வீட்டிலும் கிளையிலும் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. எனக்கென்று ஒரு வேலை வரும்போது மட்டும் நாள் கையில் நிற்பதில்லை. எங்கே ஓட்டை என்று சொல்லுங்கள்.


கல்யாண் ஸ்லோ
ஜூன் 22, இரவு 11:05

அக்கா, 5 மணியை 4 மணி ஆக்குங்கள். விடிகாலையில் படித்தது மறக்காது. வேறு எதையும் மாற்ற வேண்டாம்.


முலுண்ட் மேற்கு
ஜூன் 23, காலை 6:30

மேலே இருப்பவரை மறுத்துத்தான் எழுதுகிறேன். இவர் இரவு 11 மணிக்கு இங்கே பதிவு போட்டுவிட்டுக் காலை 5 மணிக்கு எழுந்து தண்ணீர் பிடிக்கிறார். அதாவது ஆறு மணி நேரத் தூக்கம்கூட இல்லை. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். இதிலிருந்தும் ஒரு மணி நேரத்தை எடுத்தால் அக்கவுண்ட்ஸ் எப்படித் தலையில் ஏறும்? தூங்காத மூளை முதலில் கோட்டைவிடுவதே கணக்கைத்தான்.

இன்னொன்று. உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன் தங்கச்சி. தண்ணீர், டப்பா, கஞ்சி, வேன், சமையல், ஹோம்வொர்க், ஸ்கூல் குரூப். எல்லாம் நீங்கள். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க நேரக் கணக்கெடுப்பு எடுத்தது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு அப்போது ஒரு நாளில் 299 நிமிஷம் செலவழித்தார்கள். ஆண்கள் 97 நிமிஷம். அந்த 97கூட, வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களுக்கான சராசரி. கை வைத்தவர்களே நூற்றுக்கு 26 பேர்தான்.

நானும் இருபது வருஷம் இதே லைனில் வேலைக்குப் போனவள். நேரத்தை மிச்சப்படுத்த ஆயிரம் வித்தை கற்றுக்கொண்டேன். மிச்சமானதெல்லாம் வீட்டு வேலையிலேயே போய்ச் சேர்ந்தது. முதலில் பங்கு பிரியுங்கள். டைம்டேபிள் அப்புறம்.


டோம்பிவிலிக்காரி
ஜூன் 23, இரவு 8:10

அக்கா, உங்கள் பதிவை ரயிலில் படித்தேன். கொஞ்ச நேரம் ஃபோனை மூடி வைத்துவிட்டேன்.

அவர் பிவண்டியில் ஒரு குடோனில் சூப்பர்வைசர். வீட்டுக்கு வர 9 மணி ஆகிவிடும். மோசமானவர் இல்லை. நான் கேட்டதில்லை, அவரும் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் எது யார் வேலை என்று விழுந்ததோ, அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்டுப் பார்க்கிறேன்.


நைன்ட்டி ஃபீட் ரோடு
ஜூன் 23, இரவு 11:40

அக்கா, நான் தாராவி. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சைக்கிளில் இட்லி விற்றவர். இன்றைக்கும் அம்மா இட்லி ஊற்றுகிறார், அண்ணன் எடுத்துப் போகிறான். ஐந்தரைக்குள் சைக்கிள் தெருவைத் தாண்டிவிட வேண்டும். ஆறு மணிக்கு மேல் போனால் வாடிக்கை வேறு ஆளிடம் வாங்கிவிடும்.

எங்கள் வீடு பத்துக்குப் பன்னிரண்டு. ஐந்து பேர் படுக்கவும் அதுதான், கிரைண்டர் ஓடவும் அதுதான். மதியம் ஊறவைத்து, சாயங்காலம் ஆட்டி, இரவு மாவைக் கரைத்து மூடிவிடுவார். இது எல்லா இட்லிக்காரர் வீட்டிலும் நடப்பது. நான் சொல்ல வந்தது, மாவை மூடிய பிறகு அம்மா செய்யும் ஒரு வேலையை. கொப்பரையில் தண்ணீரை அளந்து ஊற்றி அடுப்பின் மேல் ஏற்றிவைப்பார். துவைத்த இட்லித் துணிகளை எண்ணித் தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் அடுக்குவார். மாவுத் தூக்கின் மூடி மேல் கரண்டி. அடுப்புக்கு வலது பக்கம், சுவரை ஒட்டி லைட்டர். இதெல்லாம் முடிந்தால்தான் படுப்பார், காய்ச்சல் அடித்தாலும். மூன்று மணிக்கு எழுந்து விளக்குப் போடாமலேயே அடுப்பைப் பற்றவைத்துவிடுவார், எங்கள் தூக்கம் கெடக் கூடாதென்று. முகம் கழுவி வருவதற்குள் தண்ணீர் கொதித்திருக்கும். முதல் ஈடு ஏறிவிடும்.

ஒருநாள் நான் இரவில் டீ போட்டுவிட்டு லைட்டரைப் பரணில் வைத்துவிட்டேன். அம்மா இருட்டில் துழாவி, ஒரு பாத்திரம் உருண்டு, தங்கச்சி எழுந்து அழுது, முதல் ஈடு இறங்க அரை மணி நேரம் தள்ளிப்போனது. அன்றைக்கு ஐம்பது இட்லிக்கு மேல் திரும்பி வந்தது. அம்மா என்னைத் திட்டவில்லை. திரும்பி வந்த தூக்கைத் திறந்து காட்டினார், அவ்வளவுதான்.

நீங்கள் 9:30க்குத் தேடும் கால்குலேட்டர் எனக்கு அந்த லைட்டர் மாதிரி தெரிகிறது அக்கா. பி.காம். படித்தபோது அம்மாவைப் பார்த்துத்தான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். படிப்பை நிறுத்தும்போது கணக்கை முடித்துவிட்டு நிறுத்த மாட்டேன். அடுத்த கணக்கின் தலைப்பை எழுதி, டெபிட் கிரெடிட் கோடு போட்டு, முதல் இரண்டு என்ட்ரியை மட்டும் போட்டுவிட்டு, பேனாவை அந்தப் பக்கத்திலேயே வைத்து மூடுவேன். மறுநாள் நோட்டைத் திறந்தால் மூன்றாவது என்ட்ரி காத்துக்கொண்டிருக்கும். எங்கே ஆரம்பிப்பது என்று யோசிக்கும் வேலையே கிடையாது.


செம்பூர் தாத்தா
ஜூன் 24, காலை 9:15

தாராவித் தம்பி, உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

நான் 34 வருஷம் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். உன் பாதிக் கணக்கு முறைக்கு ஒரு பழைய ஆராய்ச்சி உண்டு. புளூமா சைகார்னிக் என்ற உளவியலாளர் 1927இல் பெர்லினிலிருந்து வெளியிட்டது. ஆட்களுக்குச் சின்னச் சின்ன வேலைகள் கொடுத்து, பாதியை முடிக்க விட்டு, பாதியில் நடுவே நிறுத்திவிட்டார். பிறகு கேட்டபோது நடுவே நின்ற வேலைகள்தான் அதிகம் நினைவில் இருந்தன. பின்னால் மற்றவர்கள் செய்து பார்த்த எல்லாச் சோதனையிலும் அப்படியே வந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் விட்ட இடம் கண்ணுக்குத் தெரிந்தால் திரும்பி வருவது சுலபம் என்பது என் அனுபவம்.

என் காலத்தில் சாயங்காலம் லெட்ஜரை மூடும் முன் ஒரு துண்டுத் தாளில் மறுநாளைய முதல் வேலையை எழுதி மூடியின்மேல் கிளிப் போட்டுவிடுவேன். 'சரிபார்க்க வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் பிரயோஜனம் இல்லை. எந்த வவுச்சர், எந்த எண், யாரிடம் கேட்க வேண்டும் என்று எழுத வேண்டும். இந்த ஊரில் வீட்டுச் சாப்பாட்டு டப்பாவை அலுவலகத்துக்கு எடுத்துப் போகும் டப்பாவாலாக்கள் 1890இலிருந்து தொழில் நடத்துகிறார்கள். மூடியில் இருக்கும் நாலைந்து எழுத்தையும் எண்ணையும் பார்த்தால் எந்த ஸ்டேஷன், எந்தக் கட்டடம், எந்த மாடி என்று தெரிந்துவிடும். கை மாறும் இடத்தில் நின்று பேசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இன்றைய நீங்கள் நாளைய உங்களுக்கு டப்பாவைக் கைமாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. மூடியில் என்ன எழுதி அனுப்புகிறீர்கள்?


ஐரோலி பையன்
ஜூன் 24, இரவு 10:00

ஐடியில் இருக்கிறேன். தேதி சொல்லித் தேதி தவறுவதைத் தினமும் பார்க்கிறவன். அக்கா, இன்னும் எத்தனை அத்தியாயம் பாக்கி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டீர்களா? போட்டிருந்தால் அதை ஒன்றரையால் பெருக்குங்கள்.

சும்மா சொல்லவில்லை. கனடாவில் 1994இல் ரோஜர் பியூலரும் மற்ற இருவரும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஆய்வேடு எழுதும் கல்லூரி மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். அதாவது மோசமாக நடந்தால் இவ்வளவு என்று யோசித்துச் சொன்னதுகூடப் போதவில்லை. நம் எல்லோருக்கும் இந்தக் கோளாறு உண்டு. திட்டம் போடும்போது மழையும் காய்ச்சலும் விருந்தாளியும் மனதில் வருவதே இல்லை.

ஃபோனைப் பற்றி ஒன்று. சைலண்டில் போட்டுப் பக்கத்தில் வைக்காதீர்கள். வேறு அறையில் வையுங்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 2017இல் ஒரு சோதனையில், ஃபோன் மேஜைமேல் இருந்தவர்களைவிட வேறு அறையில் வைத்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். அதைத் திரும்பச் செய்து பார்த்த சிலருக்கு அந்த வித்தியாசம் வரவில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். எடுக்க எழுந்து நடக்க வேண்டும் என்றால் நான் எடுப்பதில்லை. எனக்கு அது போதும்.

25 நிமிஷம் டைமர் வைத்துப் படித்துப் பாருங்கள். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிக்காரர் 1980களின் கடைசியில் கல்லூரியில் படிக்கும்போது தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து ஆரம்பித்தது. 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு.


மாட்டுங்கா பொடிக்கடை
ஜூன் 25, மதியம் 2:30

தம்பி, உன் டைமர் எல்லா வேலைக்கும் சரிப்படாது. வீட்டில் பொடி அரைத்து விற்கிறேன். மிளகாய் வறுக்கும்போது 25 நிமிஷத்தில் மணி அடித்தது என்று கையை எடுத்தால் வாணலி கருகிவிடும். பேலன்ஸ் ஷீட்டும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். பாதியில் எழுந்தால் எந்த அட்ஜஸ்ட்மென்ட்டை எங்கே சேர்த்தோம் என்று தலை சுற்றும். டைமரை விடு. ஒரு கணக்கு முடிகிறவரை உட்கார்வது என்று வைத்துக்கொள்ளட்டும்.

ஸ்டிக்கர் ஒட்டுவது, பில் எழுதுவது மாதிரி வேலைக்கு டைமர் நல்லதுதான். நானே வைக்கிறேன்.


ஐரோலி பையன்
ஜூன் 25, மாலை 6:45

ஒத்துக்கொள்கிறேன் மாமி. கணக்குத் தாளுக்கு உங்கள் முறைதான் சரி. தியரிக்கு மட்டும் டைமர்.


முலுண்ட் மேற்கு
ஜூன் 25, இரவு 9:20

ரயிலைப் பற்றி யாருமே பேசவில்லையே. தங்கச்சி, போக வர இரண்டரை மணி நேரம் உங்களுக்கு அங்கே இருக்கிறது. டோம்பிவிலியிலேயே உட்கார இடம் கிடைக்காது, திவாவில் மூச்சு முட்டும், தெரியும். ஆனால் காட்கோபரில் மெட்ரோவுக்குப் பெட்டியில் பெரிய கூட்டம் இறங்குமே? அதற்கு அப்புறம் கடைசி ஸ்டேஷனான சிஎஸ்எம்டி வரை கிட்டத்தட்ட அரை மணி. ஏறியதுமே, உட்கார்ந்திருப்பவர்களிடம் யார் காட்கோபரில் இறங்குகிறார்கள் என்று கேட்டு அந்த சீட்டைச் சொல்லி வையுங்கள். இருபது வருஷமும் நான் அப்படித்தான் உட்கார்ந்தேன். மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒட்டிக்கொண்டாலும் மடியில் புத்தகம் நிற்கும்.

ஒன்று மட்டும். ரயிலில் கணக்குப் போட முயற்சி செய்யாதீர்கள். கை ஆடும், எரிச்சல்தான் மிஞ்சும். தியரி மட்டும் படியுங்கள்.


டோம்பிவிலிக்காரி
ஜூலை 6, ஞாயிறு, மாலை 4:00

இரண்டு வாரம் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

முதலில் அவரிடம் பேசியது. சனிக்கிழமை இரவு சாப்பிட்ட பிறகு, சண்டை மாதிரி ஆகிவிடக் கூடாதென்று, செய்கிற வேலைகளை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். 23 வரி வந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்கூல் குரூப்ல என் நம்பரைப் போடு" என்றார். அதுதான் முதல் பேச்சு. இப்போது சார்ட் பேப்பரும் ஹோம்வொர்க்கும் அவர் பொறுப்பு. பையன் 9 மணி வரை அப்பாவுக்காகக் காத்திருக்கிறான். தண்ணீர் பிடிப்பதையும் எடுத்துக்கொண்டார். எனக்குக் காலையில் நாற்பது நிமிஷம் கூடுதல் தூக்கம். மாமியாருக்கு முதல் நாலு நாள் பிடிக்கவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

அடுத்தது இரவுப் படிப்பையே விட்டுவிட்டேன். யோசித்துப் பார்த்தால் 9:30 மணிக்கு என்னிடம் மிச்சம் இருப்பது உடம்பின் வண்டல். அதை வைத்து ஃபண்ட் ஃப்ளோ போட முடியாது. காட்கோபரிலிருந்து தியரி. 9:20க்கு கிளைக்குப் போய்ச் சேர்ந்தால் வேலை தொடங்க அரை மணிக்கு மேல் இருக்கிறது. இத்தனை நாள் அந்த நேரத்தில் டீயும் பேச்சும்தான். இப்போது மேலே ரெக்கார்டு அறையில் உட்கார்ந்து ஒரே ஒரு கணக்கு. மாமி சொன்ன மாதிரி, முடிகிறவரை. கால்குலேட்டர் என் டிராயரிலேயே இருக்கிறது, வீட்டுக்குப் போவதில்லை. இரவில் பத்து நிமிஷம் மட்டும்: அடுத்த கணக்கின் தலைப்பு, கோடு, இரண்டு என்ட்ரி.

சரியாக வராதது: ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் படிப்பது என்று போட்டேன். இரண்டு ஞாயிறும் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். அதைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிட்டேன்.


செம்பூர் தாத்தா
ஜூலை 7, காலை 8:50

23 வரித் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. நான் வேலைக்குப் போன காலத்தில் என் மனைவி அப்படி ஒன்று எழுதிக் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் காட்டவில்லை, நானும் பார்க்கவில்லை. இப்போது தோன்றி என்ன செய்ய.


டோம்பிவிலிக்காரி
ஆகஸ்ட் 24, ஞாயிறு, இரவு 9:10

போன வாரம் மழையில் எல்லாம் குலைந்துவிட்டது. குர்லா பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர், ரயில் நின்றது. கிளைக்கே போக முடியாத நாள் உண்டு. அப்புறம் பையனுக்குக் காய்ச்சல். ஆறு நாள் ஒரு கணக்குகூடப் போடவில்லை. மனசு விட்டுப்போய்விட்டது. பழக்கம் உடைந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்தா?


ஐரோலி பையன்
ஆகஸ்ட் 24, இரவு 9:40

இல்லை அக்கா. லண்டனில் பிலிப்பா லாலி என்பவரும் சகாக்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வந்தது. ஒரு புதுப் பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் பார்த்தார்கள். ஆறு நாள் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் நீங்கள் ஏழு வாரத்துக்கு மேல் விடாமல் செய்தவர். நாளைக்கு ரயில் ஓடும். காட்கோபரும் அங்கேயேதான் இருக்கும்.


நைன்ட்டி ஃபீட் ரோடு
ஆகஸ்ட் 24, இரவு 11:15

அக்கா, மழை நாளில் எங்கள் சைக்கிளும் போகாது. மீந்த மாவை அம்மா அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவார். அன்றைக்கு ராத்திரியும் கொப்பரையில் தண்ணீர் ஏற்றி வைத்துவிட்டுத்தான் படுப்பார்.

என் பி.காம். நோட்டு இரண்டு இருக்கிறது. டிப்ரிசியேஷனும் பேங்க் ரீகன்சிலியேஷனும் படிப்படியாகப் போட்டது. சிலபஸ் பழசு, கணக்கு மாறாது. வேண்டுமா?


டோம்பிவிலிக்காரி
ஆகஸ்ட் 25, காலை 9:25

கட்டாயம் வேண்டும் தம்பி. ரெக்கார்டு அறையிலிருந்துதான் எழுதுகிறேன். இன்றைக்கு வந்துவிட்டேன். ஆறு நாளைக்கு முன் போட்டு வைத்த இரண்டு என்ட்ரி அப்படியே இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு தாதர் சென்ட்ரல் பக்கம் இறங்குகிறேன். பாலத்தின் கீழே, புத்தகக் கடைக்குப் பக்கத்தில் நில். அம்மாவுக்கு டோம்பிவிலியிலிருந்து மாவடு கொண்டு வருகிறேன், மறுக்கக் கூடாது.